லீவர் துப்பாக்கியின் வயது குறித்துக் காப்பாளர் சொன்னது

நான் நகர அருங்காட்சியகத்தில் ஆயுதப் பிரிவுக் காப்பாளர். வயது ஐம்பத்து நான்கு. அருங்காட்சியகத்துக்குப் பின்னால் உள்ள ஊழியர் குடியிருப்பில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீட்டில், மனைவியுடன் வசிக்கிறேன். எல்லோரும் என்னைக் காப்பாளர் என்றே கூப்பிடுகிறார்கள்; கோபம் இல்லாத நாட்களில் என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். சான்றுப் பொருளாக வைக்கப்பட்டுள்ள லீவர் துப்பாக்கியின் இரும்பில் ஒரு கீறலும் கட்டையில் ஒரு விரிசலும் புதிதாகக் காணப்படுவது பற்றி விசாரணை அதிகாரி கேட்டதன் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். கீறலை உண்டாக்கியது நான். விரிசலை உண்டாக்கியது நான் அல்ல. ஆனால் அந்த விரிசலை, அது விழுவதற்கு முன்பே பார்த்தேன். எப்படி என்பதை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

கடைத்தெரு முனையில், மாடியில் கண்ணாடிக் கூரை போட்ட புகைப்பட நிலையம் ஒன்று இருக்கிறது. அதை நடத்துபவரை, படம் எடுக்கும்போது அவர் சொல்லும் வார்த்தையைக் கொண்டு 'சிரிங்க' என்று ஊரில் அழைக்கிறார்கள். நிலையத்தை ஆரம்பித்தவர் அவருடைய தாத்தா. காவல் நிலையத்துக்கு வேண்டிய படங்களை, அதாவது திருட்டுப் பொருள், மோதிய வண்டி, அடையாளம் தெரியாத பிணம் ஆகியவற்றின் படங்களை எடுத்துத் தரும் ஒப்பந்தமும் பல ஆண்டுகளாகச் சிரிங்கவிடமே இருந்துவருகிறது. பிணத்திடமும் பழக்க தோஷத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார் என்று காவலர்கள் சொல்வார்கள். நான் நேரில் கேட்டதில்லை.

அந்த நிலையத்தின் சுவரில் பழைய லீவர் துப்பாக்கி ஒன்று மாட்டியிருந்தது. லீவர் என்றால், விசைக்குக் கீழே காது மாதிரி வளைந்திருக்கும் பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் வகை. படம் எடுக்க வருகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கரப்பான் பூச்சிக்குப் பயந்து நாற்காலியில் ஏறுகிறவர்களும் அந்த மாடியிலிருந்து வேட்டைக்காரர்களாக இறங்கிப் போயிருக்கிறார்கள். அண்மையில் ஓர் இளைஞன் அப்படி எடுத்த படத்தைத் தான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்குச் செல்பேசியில் அனுப்பி, 'எப்ப பேசலாம்?' என்று மட்டும் எழுதினான். வீட்டுச் சொந்தக்காரர் பேச விரும்பாமல் காவல் நிலையத்துக்குப் போனார். இளைஞன் "நான் போஸ்தான் குடுத்தேன்" என்று சொன்னது ஏற்றுக்கொள்ளப்பட்டது. சிரிங்க கைது செய்யப்பட்டார். துப்பாக்கியும், குற்றத்துக்குக் கருவியாக இருந்தது என்ற காரணத்தால் அவருடைய கேமராவும் கணினியும் கைப்பற்றப்பட்டன.

சட்டத்தில் ஓர் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருள், உரிமம் வேண்டாம். அதற்குப் பின் செய்யப்பட்டது ஆயுதம். உரிமம் இல்லாமல் வைத்திருப்பவருக்கு ஜாமீன் இல்லை, ஏழு ஆண்டு வரை சிறை. ஆண்டின் கடைசி நாள் மாலையில் செய்தது சுவர் அலங்காரம், மறுநாள் காலையில் செய்தது கொலைக்கருவி என்பது சட்டத்தின் கருத்து. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. துப்பாக்கியின் வயதைக் கண்டு சொல்லும்படி நீதிமன்றம் எனக்கு உத்தரவிட்டது.

அதன் பிறகு நான் காவல் நிலையத்தின் பின்பக்கம் உள்ள சான்றுப் பொருள் அறைக்குப் போனேன். அந்த அறைக்குப் பொறுப்பான ஏட்டையாவைச் சாவி என்பார்கள். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க வருவதால் குற்றவாளிகளுக்கு முன்கூட்டியே செய்தி போய்விடுகிறது என்று மற்றவர்கள் அவரைக் கேலி செய்வார்கள். அங்கே கைப்பற்றிய மிதிவண்டிகளுக்கும் தண்ணீர் மோட்டார்களுக்கும் நடுவில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். துப்பாக்கியில் தொடர் எண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அது யாரும் அரம் போட்டு அராவியதல்ல, கை பட்டுப் பட்டுத் தேய்ந்தது. குழல் எட்டுப்பட்டை, பழைய பாணி. லீவர் அதற்குப் பிந்தியது. திருகுகள் கையால் மரை வெட்டியவை, ஒன்றின் துளையில் இன்னொன்று ஏறாது. ஒரு திருகு மட்டும் யந்திரத்தில் வெட்டியது. கட்டை எந்தக் காலத்து மரம் என்று சொல்ல எதுவும் இல்லை. சுருங்கச் சொன்னால் அது ஒரு கூட்டுக் குடும்பம். கேட்டால் ஒவ்வொரு உறுப்பும் ஒவ்வொரு வயதைச் சொன்னது.

இதை நான் முதல் அறிக்கையில் எழுதினேன். அரசு வழக்கறிஞர், எந்த உறுப்பு கடைசியாகச் செய்யப்பட்டதோ அதன் வயதே துப்பாக்கியின் வயது என்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அப்படியானால் பல் செட் மாட்டிக்கொண்ட கிழவரைப் பாலர் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றார். நீதிபதி சிரிக்கவில்லை. துல்லியமாகச் சொல்லவும் என்று எனக்கு இரண்டாவது உத்தரவு வந்தது.

அதன் பிறகு நான் மறுபடி போய், உள்ளே ஏதாவது குறி இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பக்கத் தகட்டைக் கழற்ற முயன்றேன். தகட்டைப் பிடித்திருந்த திருகு இறுகியிருந்தது. நான் பலம் கொடுத்தபோது திருப்புளி நழுவி, தகட்டின் மேல் சறுக்கி, நான் கையை வெடுக்கென்று இழுத்ததில் முடிவில் கொக்கிபோல மேல்நோக்கி வளைந்து ஒரு கீறல் விழுந்தது. எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலம் இல்லை. முதல் வாரம் வேலைக்கு வந்தவன் செய்கிற காரியம். சாவி ஏட்டையா அப்போது யாருக்கோ வண்டி எண் தேடிக்கொண்டிருந்தார். நான் கீறலின் மேல் எண்ணெய் தடவிவிட்டு, தகட்டுக்கு உள்ளே குறி எதுவும் இல்லை என்று மட்டும் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன். கீறலைப் பற்றி எவரிடமும் சொல்லவில்லை. அது அங்கே இருப்பது அந்த நேரத்தில் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இனி சொல்லப்போவதற்கு இது முக்கியம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அதன் பிறகு ஒருநாள் காலையில் சிரிங்கவின் மனைவி அருங்காட்சியகத்துக்கு வந்தார். அவரை அதற்கு முன் எனக்குப் பழக்கமில்லை. நிலையத்தில் டச்சிங் வேலை, அதாவது படத்தில் முகத்தின் தழும்பு, பரு, வயது முதலியவற்றைப் பென்சிலால் மறைக்கும் வேலை அவருடையது.

"துப்பாக்கிக்கு வயசு சொல்றவர் நீங்கதானே சார்?"

"ஆமாம்மா. இன்னும் சொல்லலை."

"எங்க வீட்டுக்காரருக்கு வயசு நான் சொல்றேன், எழுதிக்குங்க. அறுபத்தொண்ணு. சர்க்கரை இருக்கு. ஏழு வருஷம் கழிச்சு வந்தா கேமராவ விட அவரு கைதான் அதிகமா ஆடும்."

தன்னிடம் சாட்சி இருப்பதாகச் சொன்னார். நிலையத்தைக் கட்டியபோது தாத்தா ஜன்னல் கண்ணாடி வாங்க மனம் இல்லாமல், படம் சரியாக வராமல் ஒதுக்கிய கண்ணாடி நெகட்டிவ்களை எடுத்து வெண்டிலேட்டரில் பதித்துவிட்டாராம். அவற்றில் ஒன்றில் அந்தத் துப்பாக்கியோடு ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறாராம்.

"இத்தனை வருஷம் கழிச்சு அவர் கஞ்சத்தனம் பலிச்சிருக்கு சார். நான் அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த நாள்லருந்து, மத்தியானமானா வெயில் அந்தக் கண்ணாடி வழியா வந்து எதிர்ச் செவுத்துல ஒரு ஆள உக்கார வைக்கும். மொதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் பழகிப்போச்சு. பாதி வேலைய அவரு வந்தாத்தான் முடிப்பேன். எங்க வீட்டுல கடிகாரம் பாக்க மாட்டோம், உக்காந்தவரு வந்தாச்சான்னு பாப்போம்."

அன்று மதியம் நான் அந்த நிலையத்துக்குப் போனேன். கட்டடத்தின் நெற்றியில் கட்டிய ஆண்டு சிமெண்டில் பொறித்திருக்கிறது. அது சட்டம் குறிப்பிடும் ஆண்டுக்கு முந்தியது. எனவே அந்த வெண்டிலேட்டரில் ஆரம்பத்திலிருந்தே இருக்கும் படத்தில் இதே துப்பாக்கி இருக்குமானால் சிரிங்க வீட்டுக்குப் போகலாம். கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்ததில் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மாடியில் ஒரே கூடம். வடக்குப் பக்கம் கண்ணாடிக் கூரை. நடுவில், கைப்பற்றத் தோன்றாமல் காவலர்கள் விட்டுப்போன தாத்தா காலத்து மரக் கேமரா முக்காலியில் நின்றது. அதற்கு எதிரே கை வைத்த நாற்காலி. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. நல்ல சட்டை இல்லாமல் வருகிறவர்களுக்கு இரவலாகக் கொடுப்பது. மூன்று தலைமுறையாக ஊரில் பாதிப் பேர் அந்தக் கோட்டுக்குள்தான் கௌரவமாக இருந்திருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் இடது கைப் பக்கச் சுவரின் உச்சியில் வெண்டிலேட்டர். வெயில் ஏறியபோது எதிர்ச் சுவரில் உக்காந்தவர் வந்தார். நெகட்டிவில் கறுப்புக் கோட்டு தெளிந்த கண்ணாடியாக இருக்கும் என்பதால் அவர் நிழலாக விழவில்லை, வெளிச்சமாக விழுந்தார். தலை இருக்க வேண்டிய இடம் மட்டும் இருட்டாக, இரண்டாகப் பிரிந்து இருந்தது.

அந்த அம்மா அவரைப் பார்த்து, "இன்னிக்கு உங்களுக்கு வேலை இருக்கு" என்றார். சுவரிடம் அவ்வளவு இயல்பாகப் பேசியதில் நானும் ஒருகணம் பதிலை எதிர்பார்த்தேன்.

அதன் பிறகு ஏணி போட்டு ஏறிக் கண்ணாடியின் அருகில் கண் வைத்துப் பார்த்தேன். இரவல் கோட்டுப் போட்ட ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியின் அடி தரையில் நின்றது. குழலின் வாய்மேல் இடது கையைக் கவிழ்த்து வைத்திருந்தார். துப்பாக்கி தெரிந்தவன் குழல்வாயில் கை வைக்கமாட்டான். வைத்தால், உள்ளே ஒன்றுமில்லை என்று தானே சோதித்துப் பார்த்தவனாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். முன்பக்கம் தொங்கிய பெருவிரலைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. கண்ணாடியில் உள்ள குறை என்று அதைத் தள்ளிவிட்டேன். கட்டையின் கழுத்தில் நீள விரிசல் ஓடியிருந்தது. விரிசலின் மேல் கம்பி சுற்றியிருந்தது. சுற்றில் ஓரிடத்தில் கம்பி வரிசை தவறி முந்திய சுற்றின் மேல் ஏறியிருந்தது. சான்று அறையில் இருக்கும் துப்பாக்கியின் கட்டையில் விரிசலும் இல்லை, கம்பியும் இல்லை. இது வேறு துப்பாக்கி என்று ஏணியிலிருந்தே சொன்னேன்.

"கட்டைதானே சார்? ஒடஞ்சிருக்கும், பின்னாடி மாத்தியிருப்பாங்க. நீங்க இரும்பப் பாருங்க" என்றார் அம்மா.

அதன் பிறகு நான் இரும்பைப் பார்த்தேன். பக்கத் தகட்டில், திருகிலிருந்து தொடங்கிச் சறுக்கி, முடிவில் கொக்கிபோல மேல்நோக்கி வளைந்த ஒரு கீறல் இருந்தது.

நான் ஏணியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அம்மா கீழிருந்து, "எறங்கறீங்களா, இல்ல நீங்களும் அங்கயே குடியேறப்போறீங்களா?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

கண்ணாடியை எடுப்பதற்கு முன் அது பதிந்திருந்த மரச்சட்டத்தைச் சோதித்தேன். கண்ணாடியின் ஓரத்தில் பூசிய மக்குப் பசை கல்லாக இறுகியிருந்தது. அதன் மேல் பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கடியில் சுண்ணாம்பு என்று பூச்சுகள் விரிசலில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று இருந்தன. அதை அண்மையில் எவரும் தொட்டிருக்க முடியாது. உளியால் மக்கைத் தட்டி எடுக்கும்போது கண்ணாடியின் ஓரம் தெறித்து என் இடது பெருவிரலைக் கிழித்தது. அம்மா லென்ஸ் துடைக்கும் வெள்ளைத் துணியில் ஒரு பட்டை கிழித்துக் கட்டிவிட்டார். வெள்ளை, நெகட்டிவில் கறுப்பாகத் தெரியும் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு அம்மா கண்ணாடியின் மருந்து பூசிய பக்கத்தைச் சாய்த்துப் பார்த்து, பென்சில் படவில்லை, சுரண்டவில்லை, டச்சிங் எதுவும் இல்லை என்றார். தன் கை வேலையை மற்றவர்கள் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம், தன்னால் கண்டுபிடிக்க முடியாத கை வேலை எவருடையதும் இல்லை என்றும் சொன்னார். இருட்டறையில் சிவப்பு விளக்கில் ஒரு பழைய தாளில் அச்சு எடுத்தார். மருந்துத் தட்டில் தாளை ஆட்டும்போது முதலில் கோட்டு வந்தது, பிறகு துப்பாக்கி, பிறகு கை. கடைசியில் முகம் இரண்டாக வந்தது. ஒன்று நேராகப் பார்த்தது, அது கரைந்திருந்தது. மற்றொன்று இடப்பக்கம் மேலே திரும்பியிருந்தது. அதில் வாய் திறந்திருந்தது. யாருடைய முகம் என்று சொல்ல முடியாது.

"அசைஞ்சுட்டாரு. அதான் தாத்தா இத வெண்டிலேட்டருக்குத் தள்ளிட்டாரு. ஒழுங்கா உக்காந்திருந்தா காசு குடுத்து வாங்கிட்டுப் போயிருப்பாரு, இன்னிக்கு நமக்குச் சாட்சி இருந்திருக்காது" என்றார் அம்மா. பிறகு, "எப்பவுமே அசைஞ்சவங்கதான் நம்மகிட்ட தங்குவாங்க சார்" என்றார்.

மறுநாள் நான் சான்று அறைக்குப் போய் அச்சைத் துப்பாக்கியின் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தேன். கீறல் அதே கீறல். கட்டை முழுசாக இருந்தது. துப்பாக்கியை நான் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். சாவி ஏட்டையா பூட்டினார். கடைசியாகத் தொட்டவன் நான் என்று அவர் சொல்லியிருப்பது சரி.

அன்று மாலை வீட்டில் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'படத்தில் உள்ள கீறலும் பொருளில் உள்ள கீறலும் ஒன்றே. ஆகவே துப்பாக்கி குறிப்பிட்ட ஆண்டுக்கு முந்தியது' என்று எழுதினால் போதும். பொய் ஒரு வார்த்தை இல்லை. கீறல் எப்போது விழுந்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட வேண்டும். நான் எழுதி முடித்து, அச்சை அறிக்கையோடு குத்துவதற்காக இடது கையால் பிடித்தபோது, என் பெருவிரலும் படத்தில் இருந்த பெருவிரலும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அச்சில் பட்டை வெள்ளையாக இருந்தது. துணியின் நுனி நகத்துக்குக் கீழே சிறு காதுபோல நீட்டிக்கொண்டிருந்தது. என் விரலிலும் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது.

என் மனைவி, "விரலையே பாத்துட்டிருக்கீங்க, காப்பாளரே. ஓடிடவா போகுது?" என்றாள். நான் அறிக்கையைக் கிழித்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் சாவி ஏட்டையா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"காப்பாளரே, உங்க துப்பாக்கி விழுந்துருச்சு."

"என்னுது இல்லை ஏட்டையா. எங்க விழுந்துச்சு?"

"மேல் தட்டு ஒடஞ்சு தண்ணி மோட்டார் அது மேல வந்துருச்சு. கழுத்துல விரிசல். எஸ்.ஐ. பாக்கறதுக்குள்ள நானே கட்டிட்டேன். அந்த மோட்டார்லயே செம்புக் கம்பி இருந்துச்சு."

நான் யோசிக்காமல், ஒரு சுற்று வரிசை தவறி இன்னொன்றின் மேல் ஏறியிருக்கிறதா என்று கேட்டேன். சாவிக்கொத்தின் சத்தம் நின்றது. "நீங்க எங்கேர்ந்து பேசறீங்க?" என்று கேட்டார். வீட்டிலிருந்து என்றேன். அவர் வைத்துவிட்டார். அவர்தான் என்மீது சந்தேகம் இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. அவர் இடத்தில் இருந்தால் நானும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

அதன் பிறகு விசாரணை அதிகாரி என்னை அழைத்தார். சேதமடைந்த சான்றுப் பொருளை உடனே படம் எடுத்து நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி என்று சொல்லி, அதற்காகச் செய்துள்ள ஏற்பாட்டையும் சொன்னார். காவல் நிலையத்துக்குப் படம் எடுக்கும் ஒப்பந்தம் சிரிங்கவிடம் இருக்கிறது. வேறொருவரை அமர்த்த டெண்டர் விட வேண்டும். எனவே சிரிங்கவையே காவலோடு அழைத்து வந்து எடுக்கச் சொல்ல நீதிபதி அனுமதித்திருக்கிறார். அவருடைய கேமரா இதே வழக்கில் சான்றுப் பொருள் என்பதால் அதைத் தொடக் கூடாது. எஞ்சியிருப்பது மரக் கேமராவும், அதில் படம் பதிக்க மீந்திருக்கும் ஒரே ஒரு கண்ணாடித் தட்டும். அந்தக் கேமராவை மாடியிலிருந்து இறக்க முடியாது. எனவே துப்பாக்கி அங்கே போகும். சான்றுப் பொருளை நிபுணரைத் தவிர வேறு யாரும் கையாளக் கூடாது என்று இந்தச் சேதத்துக்குப் பிறகு உத்தரவாகியிருக்கிறது. எனவே பிடித்துக்கொள்ள வேண்டியவன் நான். நாளை மதியம், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது. மருந்து பழையது, நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும், வெள்ளைச் சட்டை என்றால் எல்லாம் வெளுத்துவிடும், அதனால் ஆணியில் இருக்கும் கோட்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லும்படி அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். இதில் ஒவ்வொன்றுக்கும் விதி இருக்கிறது. எதையும் எவரும் வேண்டுமென்று செய்யவில்லை.

நான் அச்சை எடுத்து மேசையில் வைத்தேன். விசாரணை அதிகாரி அதைப் பார்த்தார். விரிசலையும் கம்பியையும் பார்த்துவிட்டு, ஏற்கெனவே படம் எடுத்தாகிவிட்டதா என்று சந்தோஷப்பட்டார். பிறகு தாளின் நிறத்தைப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்தது?"

"நாளைக்கு மத்தியானம் சார்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், பிறகு போடச் சொன்னார். இதை அப்படியே எழுத வேண்டுமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். வேண்டுமானால் துப்பாக்கியை ஏட்டையா பிடித்துக்கொள்ளட்டும், உத்தரவை மாற்றி வாங்கித் தருகிறேன் என்று தணிந்த குரலில் சொன்னார். ஏட்டையாவின் பெருவிரலில் கட்டு இல்லை என்றேன்.

இதைப் பற்றி நான் யோசித்துவிட்டேன். விரல் கட்டை அவிழ்த்துவிட்டுப் போகலாம். கோட்டை மறுக்கலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். அப்படிச் செய்தால் நாளை எடுக்கும் படம் வேறொரு படமாக இருக்கும். வெண்டிலேட்டரில் இருந்தது எதன் படம் என்று சொல்ல எவருக்கும் வழி இருக்காது. கீறல் என்னுடையது என்று ஒப்புக்கொண்ட பிறகு அதைப் போலி என்றுதான் சொல்வார்கள். துப்பாக்கி வைத்திருந்ததோடு சாட்சியம் புனைந்ததையும் சிரிங்கவின் தலையில் வைப்பார்கள். ஆகவே நான் விரல் கட்டை மாற்றாமல் வருகிறேன். கோட்டைப் போட்டுக்கொள்கிறேன். குழலுக்குள் எதுவும் இல்லை என்று நானே சோதித்துவிட்டு அதன் வாயில் கை வைக்கிறேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நீதிபதி உடன் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் என் கையில் இல்லை. படத்தில் உள்ளவர் அசைந்திருக்கிறார். அசைந்ததால்தான் அது ஒதுக்கப்பட்டு வெண்டிலேட்டருக்குப் போனது. எனவே நாளை நானும் அசைய வேண்டும். இடப்பக்கம் மேலே திரும்ப வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறேன். ஆனால் தீர்மானித்துத் திரும்புகிறவனுடைய வாய் அப்படித் திறக்காது. அந்தப் பக்கம் வெண்டிலேட்டரைத் தவிர எதுவும் இல்லை. கண்ணாடியை எடுத்துவிட்டதால் அந்தச் சட்டம் இப்போது காலியாக இருக்கிறது. அட்டை வைத்து மூடிவிடும்படி சற்று முன் தொலைபேசியில் அம்மாவிடம் கேட்டேன். அதற்கு அவர், "மூடித்தான் சார் வச்சிருக்கேன். இருந்தாலும் நேத்து மத்தியானமும் உக்காந்தவரு வந்தாரு" என்றார். முன்புபோல உட்கார்ந்தாரா என்று கேட்டேன். இல்லை, எழுந்து நின்றார் என்றார்.

துப்பாக்கியின் வயது என்ன என்று நீதிமன்றம் கேட்ட கேள்விக்கு என் பதில்: அது சட்டம் குறிப்பிடும் ஆண்டுக்கு முந்தியது. எவ்வளவு முந்தியது என்பதை நாளை மதியத்துக்குப் பிறகு, சொல்லக்கூடிய நிலையில் இருந்தால், சொல்கிறேன். கேமராவைத் திறக்கும்போது சிரிங்க வழக்கமாகச் சொல்லும் வார்த்தையை என்னிடமும் சொல்ல அனுமதிக்க வேண்டும் என்பது தவிர எனக்கு வேறு கோரிக்கை இல்லை.

இதுவரை உள்ளது என் வாயால் சொன்னது. எனக்கு வாசித்துக் காட்டியபோது கூட்டவும் குறைக்கவும் எதுவும் இல்லாததால், உண்மை என்று ஒப்பி இதன் கீழ் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
காப்பாளர், ஆயுதப் பிரிவு

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. வாக்குமூலம் கொடுத்தவரின் இடது பெருவிரலில் வெள்ளைத் துணியால் கட்டு இருந்தது. அவர் அதை அவிழ்க்க மறுத்ததால் ரேகை எடுக்கப்படவில்லை.

(ஒப்பம்)
விசாரணை அதிகாரி